வீட்டுத் தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள்

வலியசாலையில் இரண்டு வயது தாண்டியும் பேச ஆரம்பிக்காத குழந்தை இருக்கிற வீட்டில் யோசனைகளுக்குப் பஞ்சமே இருக்காது. “இவன் அப்பன் மூணு வயசு வரைக்கும் வாயைத் தெறக்கலை, இப்போ மூட மாட்டேங்கறான்” என்பாள் பாட்டி. பக்கத்து வீட்டு மாமி வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவச் சொல்வாள். எதிர்வீட்டு மலையாளி அம்மாவும் அதையேதான் சொல்வாள். அவள் வாயில் அது வயம்பு. நாகர்கோவிலிலிருந்து வந்த பெரியப்பா குழந்தையின் வாயைத் திறக்கவைத்துப் பார்த்துவிட்டு, நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார். போனைக் கையில் கொடுத்து வளர்த்தால் இப்படித்தான் என்று மருமகள் காதில் விழும்படி ஒரு பேச்சு வரும். கடைசியாக ப்ளே ஸ்கூல் மிஸ் சொல்வார்: “வீட்ல தமிழ், வெளியில மலையாளம், இங்க இங்கிலீஷ். குழந்தை குழம்பிப்போயிருக்கு. வீட்ல தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ்லயே பேசுங்க.”

இவற்றில் படித்தவர்கள் சொல்வதுபோல ஒலிப்பது கடைசி யோசனை. அதிகம் கெடுதல் செய்வதும் அதுதான் என்பது என் கட்சி. இத்தனை பேர் யோசனை சொன்ன பிறகும், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஊர். வலியசாலை திருவனந்தபுரத்தின் பழைய தமிழ்ப் பகுதி. சாலைக் கடைத்தெரு பக்கத்தில்தான். காந்தளூர் மகாதேவர் கோயில், அதைச் சுற்றிய அக்ரகாரம். ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். வேறு இடம் சொல்பவர்களும் உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866 வாக்கில் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்தபோது காந்தளூர்ச்சாலையின் ஒழுங்கையே முன்மாதிரியாக வைத்தான். அங்கே சேருவதற்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் என்று செப்பேடு சொல்கிறது. இன்றைய வலியசாலையில் பிறக்கும் குழந்தைக்கோ இலக்கணங்கள் இரண்டு மூன்று ஒரே சமயத்தில் காதில் விழுகின்றன. ஆ. மாதவனும் நீல பத்மநாபனும் நகுலனும் எழுதிய நகரம் இது. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போவது இங்கே யாருக்கும் விசேஷமில்லை.

இந்தக் கலப்பால் பேச்சு தாமதமாகிறதா? முப்பது நாற்பது ஆண்டு ஆராய்ச்சி ஏறக்குறைய ஒரே குரலில் இல்லை என்கிறது. இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தையும் ஒரு மொழி கேட்டு வளரும் குழந்தையும் முதல் சொல்லைச் சொல்வது ஏறத்தாழ ஒரே வயதில்தான், அதாவது ஒரு வயதை ஒட்டி. இரண்டு சொல்லைச் சேர்ப்பது ஏறத்தாழ இரண்டு வயதில். வேறுபாடு வருவது சொற்களை எண்ணும்போது. மயாமியில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கேட்டு வளர்ந்த குழந்தைகளைப் பார்பரா பியர்சனும் கூட்டாளிகளும் 1993 இல் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாக எண்ணினால் கணக்கு குறைவாகத் தெரியும். இரண்டையும் கூட்டினால் ஒருமொழிக் குழந்தைகளுக்குச் சமமாக வந்துவிடும். நம் ஊர்க் குழந்தை பாட்டியிடம் ‘தண்ணி’ என்றும் ஆயாவிடம் ‘வெள்ளம்’ என்றும் கேட்டால் அதற்கு இரண்டு சொல் தெரியும் என்று கணக்கு வைக்க வேண்டும். மலையாளம் மட்டும் தெரிந்தவர் எண்ணினால் பாதிதான் எண்ணுவார். தமிழ் மட்டும் தெரிந்தவர் எண்ணினாலும் அதே கதை.

வினைச்சொல்லைப் பாருங்கள். தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினையின் வாலிலேயே வந்தவர் யார் என்பது தெரிந்துவிடும். மலையாளம் அந்த வாலை எப்போதோ கைவிட்டுவிட்டது. யார் வந்தாலும் ‘வந்நு’தான். பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989 இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வயதைக் கடந்த தமிழ்க் குழந்தைகள் இத்தகைய விகுதிகளை அவ்வளவாகத் தவறில்லாமல் கையாளுகிறார்கள் என்று காட்டியது. துருக்கிக் குழந்தைகளும் அப்படித்தான். ஒட்டு ஒட்டாகச் சொல் கட்டும் மொழிகளில் இலக்கணம் சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது போலும். சரி, வலியசாலைக் குழந்தை ஒன்று ‘அப்பா வந்து’ என்று வாக்கியத்தை முடித்தால்? சென்னையில் உட்கார்ந்து மதிப்பிடுபவர் விகுதி வரவில்லை என்று குறை எழுதிவிடுவார். குழந்தை செய்திருப்பதோ மலையாள இலக்கணத்தைத் தமிழ்ச் சொல்லில் போட்டுப் பார்த்ததுதான். தெருவில் உள்ள பெரியவர்களே அப்படிப் பேசுகிறார்கள்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். தமிழில் கதை சொல்லும் குழந்தை பள்ளி ஆங்கிலத்தில் ஊமையாக நின்றால் அதற்குக் குறைபாடு ஒன்றும் இல்லை. ஆங்கிலம் போதவில்லை, அவ்வளவுதான். பரவலாக இன்று ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’ என்று அழைக்கப்படுவது வேறு. டாரத்தி பிஷப் முதலானவர்கள் கூடிப் பேசி 2017 இல் அந்தப் பெயரை உறுதிப்படுத்தினார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய கணக்கெடுப்புகள் நூற்றில் ஏழு குழந்தைகள் அளவுக்கு அது இருப்பதாகச் சொல்கின்றன. ஒரு வகுப்பில் இரண்டு பேர். அவர்களுக்கும்கூட வீட்டு மொழியைப் பறிப்பதால் நன்மை வந்ததாகச் சான்று கிடையாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை வைத்து கனடாவில் எலிசபெத் கே-ரெயினிங் பேர்ட் குழுவினர் 2005 இல் செய்த ஆய்வில், இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு மொழிக்காரர்களைவிடப் பின்தங்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பின்னால் நடந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன.

சான்று இல்லை என்பதோடு விட்டுவிடலாம். ஆனால் தமிழை நிறுத்திய வீட்டில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கேடு புரியும். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம். குழந்தையோடு கொஞ்சவோ கோபிக்கவோ கதை அளக்கவோ அது உதவாது. அதனால் பேச்சு கட்டளையாகவும் பரீட்சையாகவும் சுருங்கிவிடுகிறது: “கம். சிட். ஈட். நோ. வாட் கலர் இஸ் திஸ்?” குழந்தை விழிக்கும். பதில் வராததால் அம்மாவே “ரெட்” என்று சொல்லி அடுத்த படத்தைத் திருப்புவாள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. நம்மால் குழந்தை கெட்டுப்போக வேண்டாம் என்று பாவம் அவள் வாயை மூடிக்கொள்வாள். நாள் முழுவதும் அந்தக் குழந்தையோடு அதிகம் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

தமிழை நிறுத்துவதற்கு முன்பு அதே பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருப்பாள். குழந்தை கீழே விழுந்த ஒரு பூவை எடுத்து நீட்டி “ஆ” என்கிறது. “விழுந்துடுத்தா? எங்கேருந்து விழுந்தது?” என்று கேட்டுவிட்டுப் பாட்டி சும்மா இருக்கிறாள். குழந்தை தட்டைப் பார்க்கிறது. அப்புறம் அவள் மடியைக் காட்டுகிறது. “மடியிலேருந்தா! அடி சக்கை” என்கிறாள். சொல் ஒன்றும் வரவில்லை. ஆனால் கேள்வி, காத்திருப்பு, பதில், பதிலுக்குப் பதில் எல்லாம் நடந்துவிட்டன. பேச்சுப் பயிற்சியாளர்கள் பெற்றோருக்குச் சொல்லித்தருவதில் பெரும்பகுதி இதுதான்: குழந்தையின் உயரத்துக்கு இறங்கி உட்கார், அது பார்ப்பதைப் பார், அது செய்வதைச் சொல்லால் சொல், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திரு. காத்திருப்பதுதான் நமக்குக் கஷ்டம். பதில் வருவதற்குள் நாமே முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம்.

சொல்லின் எண்ணிக்கை முக்கியமா, இந்தக் கொடுக்கல் வாங்கல் முக்கியமா என்பது பெரிய விவாதம். பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் கேன்சஸில் 42 குடும்பங்களைப் பின்தொடர்ந்து 1995 இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தைக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் கேட்ட சொற்களில் மூன்று கோடி வித்தியாசம் என்ற கணக்கு அதிலிருந்து கிளம்பி உலகம் சுற்றியது. கேட்பவர்கள் மிரண்டு போய்க் குழந்தையிடம் ஓயாமல் பேச ஆரம்பித்தார்கள். 2018 இல் டக்ளஸ் ஸ்பெரி முதலானோர் வேறு சமூகங்களில் திரும்ப எண்ணிப் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படி நிற்கவில்லை. அம்மா பேசியதை மட்டும் எண்ணாமல் சுற்றியிருப்பவர்கள் பேசியதையும் சேர்த்தால் ஏழை வீட்டிலும் பேச்சு நிறையவே இருந்தது. கூட்டுக் குடும்பம் என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு இது ஆச்சரியமே அல்ல. அதே 2018 இல் ரேச்சல் ரோமியோ குழுவினர் நான்கு முதல் ஆறு வயதுள்ள 36 குழந்தைகளிடம் பார்த்ததில், மூளையின் மொழிப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதோடு அதிகம் ஒத்துப்போனது பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய தடவைகள்தாம். பெரியவர் கொட்டிய சொற்களின் தொகை அல்ல. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பாட்டியின் பக்கம் ஒரு சாட்சி.

போன் விஷயமும் இந்த இடத்தில்தான் வருகிறது. பட்ரீஷியா கூல் 2003 இல் செய்த சோதனை பலமுறை எடுத்துக்காட்டப்படுவது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடியும் படித்தும் காட்டினார்கள். பன்னிரண்டு அமர்வுகளில் சீன ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்களை, அதே பேச்சை டிவியில் காட்டினார்கள், ஒன்றும் ஏறவில்லை. நம் பக்கத்து ஆய்வு ஒன்றும் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட 718 குழந்தைகளைக் கணக்கெடுத்து 2021 இல் வெளியிட்டதில், நூற்றுக்கு 73 பேர் அளவுக்கு மேல் திரை பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. மொழி வளர்ச்சித் தாமதத்தோடு அதற்குத் தொடர்பும் தெரிந்தது. குழந்தையின் திரை நேரம் அம்மாவின் திரை நேரத்தோடு சேர்ந்தே ஏறியது.

ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. பேசாத குழந்தையைச் சமாளிக்க முடியாமல் போனைக் கொடுத்த அம்மாக்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள். ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று ஒரு பெயர் வாட்ஸ்அப்பில் திரிகிறது. எந்த மருத்துவ வகைப்பாட்டிலும் அது கிடையாது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், தூரத்து உறவினரோடு வீடியோ காலில் பேசலாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலை. அதைக் கடைப்பிடிப்பது நல்லது. அதை வைத்து மருமகளைக் குத்துவதால் ஒரு சொல்கூட அதிகம் வரப்போவதில்லை.

வசம்பும் நாக்கும் சீக்கிரம் முடியும். வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் நச்சுத்தன்மை உள்ளது என்று அமெரிக்கா 1968 இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நாக்கு ஒட்டு பால் குடிப்பதைச் சிரமப்படுத்தலாம். நாக்கு நுனி மேலெழ வேண்டிய சில ஒலிகளைத் தடுக்கலாம். பேச்சே வராமல் செய்யாது. பேசும் குழந்தை மூன்று வயதில் பழத்தை ‘பயம்’ என்பதும் மரத்தை ‘மயம்’ என்பதும் நாக்கு ஒட்டல்ல, வயது. ‘ழ’வும் ‘ர’வும் கடைசியில் வருபவை, பெரியவர்களில் எத்தனை பேருக்கு ‘ழ’ வருகிறது?

பாட்டி சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்து. இரண்டு வயதில் சொற்கள் குறைவாக இருக்கும் குழந்தைகள் பத்தில் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். லெஸ்லி ரெஸ்கோர்லா அப்படிப்பட்ட குழந்தைகளை 17 வயதுவரை தொடர்ந்து பார்த்தார். அநேகமாக எல்லோரும் இயல்பான எல்லைக்குள் வந்திருந்தார்கள், சொல்வளத்தில் சற்றே பின்னால். ஆக, அப்பன் பேசினான், பிள்ளையும் பேசலாம். ஆனால் இந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும் கூட்டத்திலா, பிடிக்காத கூட்டத்திலா என்பதை எப்படி அறிவது? பேசுவதை மட்டும் பார்த்தால் தெரியாது. சொன்னது புரிகிறதா, “செருப்பை எடுத்துண்டு வா” என்றால் போகிறதா, விரலால் காட்டிக் கேட்கிறதா, காட்டியதைப் பார்க்கிறதா, பாவனையாகப் பொம்மைக்குச் சோறூட்டுகிறதா? இவையெல்லாம் இருந்து சொல் மட்டும் இல்லையென்றால் நம்பிக்கை அதிகம். இவையும் இல்லையென்றால் பாட்டியின் ஆறுதலில் ஒரு வருடம் போய்விடும். அந்த வருடம் திரும்பி வராது.

எந்த வயதில் எதை எதிர்பார்ப்பது என்பதிலும் சர்ச்சை உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 இல் தன் பட்டியலைத் திருத்தி, ஐம்பது சொல் என்ற எல்லையை முப்பது மாதத்தில் வைத்தது. பேச்சு வல்லுநர்கள் பலர் வெகுநாளாக அதை இருபத்து நான்கு மாதத்தில் வைத்துப் பழகியவர்கள், கூச்சல் எழுந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்தத் துறையில் திருவனந்தபுரத்தின் பெயரையே தாங்கிய அளவுகோல்கள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் 1987 இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையத்திலிருந்து வந்தவை அவை. 1991 இல் வெளியான திருவனந்தபுரம் வளர்ச்சிப் பரிசோதனை அட்டையில் பதினேழே வரிகள், பிறப்பு முதல் இரண்டு வயதுவரை. ஒவ்வொரு திறனுக்கும் கிடக்கையாக ஒரு பட்டை. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட பட்டைகளில் எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால் தாமதம். அங்கன்வாடி டீச்சர் ஐந்து பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மொழிக்கென்று தனியாக, பிறப்பு முதல் மூன்று வயதுவரை 33 வரிகளில் ஓர் அளவுகோலும், மூன்று முதல் ஆறு வயதுக்கு இன்னொன்றும் பின்னால் அங்கிருந்து வந்தன.

இவற்றின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பதினேழு வரி அட்டை தாமதமுள்ள நூறு குழந்தைகளில் அறுபத்தேழு பேரைத்தான் பிடிக்கும். அதைச் செய்தவர்களே வெளியிட்ட கணக்கு இது. எனவே ‘அட்டையில் பாஸ்’ என்பது தீர்ப்பல்ல. வீட்டில் இருப்பவர்களுக்கு உறுத்தல் இருந்தால் அந்த உறுத்தலுக்கு மதிப்புண்டு. அதே மையம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் பிறந்து ஆபத்துப் பட்டியலில் இருந்த குழந்தைகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. வீட்டிலேயே தூண்டல் பயிற்சி பெற்றவர்கள் ஒன்றாவது, இரண்டாவது வயதுகளில் மற்றவர்களைவிட நல்ல மதிப்பெண் பெற்றார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் அம்மாக்கள்தாம்.

இப்போது யாரும் கேட்காத கேள்வி. குழந்தைக்குக் காது கேட்கிறதா?

“நல்லாக் கேக்கறதே! குக்கர் விசில் அடிச்சா திரும்பறான், பட்டாசுக்கு அழறான்” என்பார்கள். தட்டைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். குக்கரும் பட்டாசும் மிதமான கேட்டல் குறைவு உள்ள குழந்தைக்கும் கேட்கும். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெல்லிய ஒலிகள்தாம் கேட்காது. அவை இல்லாமல் சொல்லுக்குச் சொல் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மழலை எழுப்பும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பிறக்கும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குப் பெரிய கேட்டல் குறைவு இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணமுடிக்கும் தென்னிந்தியக் குடும்பங்களில் மரபுவழிக் காரணங்கள் கூடுகின்றன. நிரந்தரக் குறைவு இல்லாமல், சளி கட்டி நடுக்காதில் நீர் தேங்கி மாதக்கணக்கில் மங்கலாகக் கேட்கும் குழந்தைகள் வேறு. பேச்சு தாமதம் என்று எந்தக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் வேலை காது பரிசோதனை. சிறு குழந்தைக்கு ‘பெரா’ டெஸ்ட் எடுப்பார்கள். தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்ப்பது, வலி கிடையாது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ 1998 இல் காட்டியது அதன் அடித்தளம்: ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்டவர்களின் மொழி, பின்னால் கண்டறியப்பட்டவர்களுடையதைவிடத் தெளிவாக மேலே இருந்தது. திருவனந்தபுரத்தில் இதற்கும் ஆள் இருக்கிறார்கள். ஆக்குளத்தில் உள்ள நிஷ், அதாவது தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம், 1997 இல் கேரள அரசு தொடங்கியது. காது கேளாத சிறு குழந்தைகளுக்கு அம்மாவையும் கூடவே உட்காரவைத்துப் பயிற்சி தருகிறார்கள். சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா இந்த முறைக்குத் தமிழகத்தின் பழைய எடுத்துக்காட்டு. அங்கும் அம்மா இல்லாமல் வகுப்பு இல்லை. காக்ளியர் கருவி பொருத்த கேரளத்தில் 2012 இல் ‘சுருதிதரங்கம்’ வந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. கருவியும் வாய்ப்பேச்சும் மட்டும் போதும் என்பவர்களுக்கும், சைகை மொழியை ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும் என்பவர்களுக்கும் நெடுநாள் சண்டை. எந்த மொழியும் இல்லாமல் ஒரு குழந்தை மூன்று வயதைத் தாண்டுவதுதான் மிகப் பெரிய நஷ்டம் என்பதால், சைகையைக் கண்டு பயப்படுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சைகை வந்தால் பேச்சு வராது என்பதற்கும் சான்றில்லை.

காது நன்றாக இருக்கிறது, சொல்லும் இருக்கிறது, ஆனாலும் பேச்சு இல்லை என்று ஒரு நிலை உண்டு. அதைச் சொல்வதற்கு முன் ஊரின் வழக்கம் ஒன்று. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியோடு வரும் குமாரகோவில் முருகன் ஆரியசாலையிலும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும் தங்குவார்கள். இரண்டும் வலியசாலையிலிருந்து நடக்கிற தூரம். விஜயதசமி அன்று மூன்று வயதுக் குழந்தைகளுக்கு அரிசியில் எழுத்து எழுதிப் பழக்குவார்கள். எழுத்தின் மேல் இந்த ஊருக்கு உள்ள பக்தி பெரிது. அதனால்தானோ என்னவோ, ஏ முதல் இஸட் வரை, ஒன்று முதல் நூறு வரை, தேசக் கொடிகள் அத்தனையும் சொல்லும் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து வீடு பூரித்துப்போகிறது. அதே குழந்தை தண்ணீர் வேண்டுமானால் கேட்காது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்ப் பிரிட்ஜ் கைப்பிடியில் வைக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. “தண்ணி வேணுமா?” என்றால் “தண்ணி வேணுமா” என்றே திருப்பிச் சொல்லும். வானத்தில் விமானம் போனால் ‘பாரேன்’ என்று யாருக்கும் காட்டாது. விரல் நீட்டிக் காட்டி, காட்டியதைப் பிறர் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது ஒன்றரை வயதுக்குள் வந்திருக்க வேண்டும். ஆட்டிசம் பற்றிய சந்தேகத்துக்குச் சொற்களின் எண்ணிக்கையைவிட இது நம்பகமான அடையாளம்.

இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுவரை உள்ள குழந்தைகளிடம் நடந்து 2018 இல் வெளியான இன்க்ளென் ஆய்வு, கேட்டல் குறைவும் ஆட்டிசமும் சேர்ந்த நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளில் ஏதாவது ஒன்று ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு இருப்பதாகச் சொன்னது. அத்தனை பேருக்கும் பயிற்சியாளர் கிடைக்கமாட்டார். அதனால்தான் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த ‘பாஸ்’ சோதனை முக்கியம். இங்கிலாந்தில் உருவான ஒரு முறையை வல்லுநர் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பழக்கி, அவர்கள் வழியாக ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் பெற்றோரிடம் கொண்டுபோனார்கள். அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து அம்மாவுக்கே போட்டுக் காட்டி, எங்கே குழந்தை அழைத்தது, எங்கே அவள் கவனிக்காமல் விட்டாள் என்று பேசுவார்கள். 2016 இல் வந்த முடிவில், பெற்றோர் குழந்தையின் போக்கில் பேசுவதும் குழந்தை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியிருந்தன. இருவரும் ஒரே பொருளில் கவனம் வைக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, சற்றுக் குறைந்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஆய்வின் மேல் மதிப்பு கூடியது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு நகரத்துத் தெரபி சென்டர்களைப் பார்த்தால் உறுத்துகிறது. பல இடங்களில் குழந்தையை உள்ளே வாங்கிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அம்மா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாரத்தில் இரண்டு முறை முக்கால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் குழந்தை அவளோடுதான். மேகன் ராபர்ட்ஸும் ஆன் கைசரும் 2011 இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெற்றோருக்குப் பழக்கிக் கொடுத்த முறைகள் குழந்தையின் மொழியைத் தெளிவாக உயர்த்தியிருந்தன. எனவே உள்ளே விடாத இடத்துக்குப் போகாதீர்கள். பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. காசு இல்லையென்றால் 2013 இல் தொடங்கிய மத்திய அரசின் பால ஸ்வாஸ்த்ய திட்டத்தில் மாவட்டத்துக்கொரு ஆரம்ப இடையீட்டு மையம் உண்டு. ஆஷா பணியாளரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

போகும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். குழந்தை வீட்டில் தமிழ் கேட்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லி, தமிழிலும் மலையாளத்திலும் சேர்த்தே மதிப்பிடச் சொல்லுங்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தை சொல்லும் சொற்களை ஒரு வாரம் எழுதிவைத்து, எந்த மொழியானாலும், அந்தத் தாளைக் கொடுங்கள். வீட்டு மொழியை விடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை, ஒன்றரை வயதில் விரலால் காட்டாத குழந்தையை, எந்த வயதிலும் வந்த சொல்லை இழந்துவிட்ட குழந்தையை வைத்துக்கொண்டு அடுத்த பிறந்தநாள் வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வலியசாலையிலிருந்து மருத்துவக் கல்லூரியும் ஆக்குளமும் ஆட்டோவில் போகிற தூரம்தான். சுருதிதரங்கத்தில் கருவி கிடைக்க வயது வரம்பு ஐந்து.